ஏப்ரலில் மாறும் டோக்கன்

கும்மிடிப்பூண்டி
9 ஜூன் 2024

பிரின்சிக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க மனசு வரவில்லை. போனில் பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். குடித்துவிட்டு எழுதியிருக்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள். உன் மகள் காதுகுத்து அன்று ஊரையே கூட்டிவைத்துச் சொன்னவள்தானே நீ.

உறவு பேச எழுதவில்லை. வேலை விஷயம். எங்கள் ஷெட்டில் பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்குகிறோம். வருடத்துக்கு ஒருமுறை எங்களுக்கு ரத்தம் எடுப்பார்கள், உடம்பில் ஈயம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க. அளவு தாண்டினால் அந்த ஆளை உலைப் பக்கமிருந்து வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். என்னை ஒருநாளும் மாற்றியதில்லை. சரி, நாம் நன்றாகத்தான் இருக்கிறோம் என்று நானும் இருந்துவிட்டேன்.

கொஞ்ச நாளாக வயிற்றைப் பிசைகிற வலி. பொன்னேரியில் ஒரு டாக்டரிடம் உன் அண்ணி சுமலதா என்னை இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொன்னார். வலது கை மணிக்கட்டிலிருந்து தொங்கிவிட்டது, தூக்க முடியவில்லை. ஈய வேலையா என்று கேட்டார். இன்றைக்கு ரத்தம் எடுத்தால் இன்றைய அளவுதான் தெரியும், எத்தனை வருடமாக ஏறியது என்று தெரிந்தால்தான் வைத்தியத்தை முடிவு செய்ய முடியும், பழைய ரிப்போர்ட்டை எல்லாம் கொண்டு வா என்றார்.

கம்பெனி மருத்துவ அறைக்குப் போனேன். நர்ஸம்மா கம்ப்யூட்டரில் என் டோக்கன் நம்பரை அடித்துப் பார்த்துவிட்டு, "உன் பேர்ல ஒண்ணியும் இல்லண்ணா. நீ புது ஆளுன்னு காட்டுது" என்றது. நான்கு வருடமாக அதே உலை முன்னால் நிற்கிறேன். ஒவ்வொரு தடவையும் ரத்தம் கொடுத்திருக்கிறேன். ரிப்போர்ட் இல்லாமல் உலையிலிருந்து மாற்றவும் முடியாதாம்.

அந்தத் திரையின் அடியில் சின்ன எழுத்தில் நீ வேலை செய்கிற சாஃப்ட்வேர் கம்பெனி பெயர் இருந்தது. யாரோ ஒரு தொழிலாளி புகார் கொடுத்தால் பார்ப்பாய் அல்லவா, அப்படிப் பார். அண்ணன் என்று நினைத்துப் பார்க்க வேண்டாம்.

ஸ்டீபன்


கோயம்புத்தூர்
17 ஜூன் 2024

அண்ணா,

உன் கடிதம் வந்தது. அண்ணா என்று எழுதக் கூடாதா என்று யோசித்துப் பார்த்தேன். வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

நர்ஸம்மா திரையில் வருகிற அந்தப் பக்கத்துக்குப் புரோகிராம் எழுதியது நானில்லை. எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார், இப்போது அது என் பொறுப்பில் இருக்கிறது. இதுவரை உங்கள் கம்பெனியிலிருந்து ஒரு புகாரும் வந்ததில்லை. முதல் புகாரே உன்னுடையதுதான். பார்க்கிறேன்.

காதுகுத்தைப் பற்றி நீ எழுதியதால் நானும் எழுதுகிறேன். தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்காரவைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லாமலா உன்னைக் கூப்பிட்டேன்? ஜெனி உன் மடியில் இருந்தாள். ஆசாரி ஊசியைக் கையில் எடுத்துவிட்டார். உன் கை நடுங்கியது, பிள்ளையின் தலையும் சேர்ந்து ஆடியது. அவர் கையைக் கெட்டியாக வைத்துக்கொள்ளச் சொன்னதற்கு நீ அவரை அடிக்கப் போகிறவன் மாதிரிக் கத்தினாய். காது கிழிந்துவிடும் என்று பயந்துதான் பிள்ளையைத் தூக்கினேன். என் கொழுந்தனார் மடியில் உட்காரவைத்துக் குத்தினோம். நீ சாப்பிடாமல் போய்விட்டாய்.

குடித்துவிட்டு வந்திருக்கிறாய் என்று நான் சொன்னது தப்புதான், அத்தனை பேர் முன்னால். ஆனால் வேறு என்ன நினைப்பேன், நீயே சொல்.

ஒரு விவரம் வேண்டும். நர்ஸம்மா அடித்த டோக்கன் நம்பரும், முதல் வருடம் உனக்குக் கொடுத்த நம்பரும் ஒன்றுதானா?

பிரின்சி


கும்மிடிப்பூண்டி
24 ஜூன் 2024

பிரின்சிக்கு,

எப்படி ஒன்றாக இருக்கும்? ஏப்ரல் வந்தால் டோக்கன் மாறும். எங்களுக்குக் காண்ட்ராக்டர் ஒருவர்தான். ஆனால் ஒரு வருடம் அவர் பெயரில் ஒப்பந்தம், அடுத்த வருடம் அவர் பொண்டாட்டி பெயரில், அப்புறம் மச்சான் பெயரில். யாரும் இங்கே இத்தனை வருடம் வேலை செய்தேன், என்னை நிரந்தரமாக்கு என்று கேட்டுவிடக் கூடாது அல்லவா? மார்ச் கடைசியில் எல்லோரையும் கணக்கு முடித்து அனுப்புவார்கள். ஒருநாள் வீட்டில் படுத்திருந்துவிட்டுத் திரும்பப் போனால் புது நம்பர், புது அட்டை, அதே உலை. இந்த இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும் இது. கம்ப்யூட்டர் படித்த உனக்குத் தெரியவில்லை.

ஆசாரியிடம் கத்தினேன், வாஸ்தவம். ஏன் கத்தினேன் என்று எனக்கே புரியவில்லை. பருப்பில் உப்பு குறைச்சல் என்று சுமலதா மீது தட்டை எறிந்திருக்கிறேன். அப்புறம் வெளியே போய் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். நம் வீட்டில் நான் அப்படியா இருந்தேன்? நீதான் என்னைக் கிண்டல் பண்ணுவாய், எறும்பைக்கூட ஒதுங்கிப் போகச் சொல்லிக் கெஞ்சுகிறவன் என்று.

குடிக்கவில்லை என்று அன்றைக்கே சொன்னேன். என் வாயை ஊதிக்கூடக் காட்டினேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

ஸ்டீபன்


கோயம்புத்தூர்
6 ஜூலை 2024

அண்ணா,

உன் ரிப்போர்ட்டுகள் கிடைத்துவிட்டன. இருந்த இடத்திலேயேதான் இருந்திருக்கின்றன. உனக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

உங்கள் கம்பெனித் தகவல் டேபிள் டேபிளாகத் தனித்தனியே இருக்கிறது. ஒன்றில் ரத்தப் பரிசோதனை, இன்னொன்றில் ஆட்கள், மூன்றாவதில் காண்ட்ராக்டர் ஒப்பந்தம். நர்ஸம்மா ஒரு நம்பரை அடித்தால் மூன்றையும் சேர்த்துத் திரையில் காட்ட வேண்டும். அப்படிச் சேர்ப்பதற்குப் பெயர்தான் ஜாயின். முதலில் ரத்த டேபிளை மட்டும் தனியாகத் திறந்தேன். எல்லா வருடத்து ரிப்போர்ட்டும் இருந்தது. ஆட்கள் டேபிளைச் சேர்த்தேன், அப்போதும் இருந்தது. ஒப்பந்த டேபிளைச் சேர்த்ததும் பெரும்பகுதி காணாமல் போனது.

வேலையை விட்டுப் போனவர் போட்டிருந்தது இன்னர் ஜாயின். இரண்டு பக்கமும் பொருந்துகிற வரியை மட்டும்தான் அது காட்டும். பொருந்தாததை இல்லை என்றுகூடச் சொல்லாது, பேசாமல் விட்டுவிடும். இந்த வருட ஒப்பந்தத்தில் இருக்கிற டோக்கனோடு அவர் பொருத்தியிருக்கிறார். உன் பழைய ரிப்போர்ட்டுகள் பழைய டோக்கன்களில் இருக்கின்றன. அதனால் ஏப்ரல் வந்தால் நீங்கள் எல்லோரும் ரத்தமே கொடுக்காத புது ஆட்களாகிவிடுகிறீர்கள். அளவு தாண்டியவர்களுக்கு வருகிற சிவப்பு எச்சரிக்கையும் அவர் எழுதிய இதே ஜாயின் வரியை வைத்துத்தான் வேலை செய்கிறது. முந்தைய ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டால்தான் அது எரியும். ஒப்பிட முந்தையது எதுவும் இல்லாதபோது எப்படி எரியும்?

அதை, பொருந்தாததையும் விடாமல் காட்டுகிற லெஃப்ட் ஜாயினாக மாற்றி, டோக்கனை விட்டுவிட்டு உன் பி.எஃப். நம்பரை வைத்துத் தேடினேன். காண்ட்ராக்டர் மாறினாலும் அந்த நம்பர் மாறாது. திரையில் நான்கு ஸ்டீபன் வந்தார்கள். இந்த ஏப்ரலில் கொடுத்ததை விட்டு, பழைய டோக்கன் நான்கு, ஒரே அப்பா பெயர், ஒரே பிறந்த தேதி. ஒவ்வொரு வருடத்துக்கும் எதிரே ரத்தத்தில் இருந்த ஈயம். இரண்டாவது வருடமே உன்னை உலையிலிருந்து மாற்றியிருக்க வேண்டும். மூன்றாவதில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்க வேண்டும். நான்காவதை எழுத என்னால் முடியவில்லை.

கை நடுங்குவது, காரணமில்லாமல் கோபம் வருவது, வயிற்று வலி, எல்லாம் ஈயத்தால் வருகிறதாம். தேடிப் படித்தேன். ஜெனி காதுகுத்து நடந்தது மூன்றாவது வரிக்கும் நான்காவது வரிக்கும் நடுவில்.

ஆபீஸில் எழுந்து கழிப்பறைக்குள் போய் அழுதேன். ரிப்போர்ட்டுகளை முறைப்படி மருத்துவ அறைக்கு அனுப்பச் சொல்லிவிட்டேன். உன் அட்டையைக் காட்டி வாங்கிக்கொண்டு உடனே டாக்டரிடம் போ. இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வேலைக்குப் போகாதே.

பிரின்சி


பொன்னேரி
19 ஜூலை 2024

பிரின்சிக்கு,

ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். பேனா பிடிக்க முடியவில்லை. நான் சொல்லச் சொல்ல சுமலதா எழுதுகிறாள். அதனால் இனி எழுத்து அழகாக இருக்கும்.

ஈயத்தை வெளியேற்ற மருந்து ஏற்றுகிறார்கள். வயிற்று வலி குறைந்திருக்கிறது. மணிக்கட்டு திரும்புமா என்று கேட்டதற்கு டாக்டர் பார்க்கலாம் என்கிறார். பார்க்கலாம் என்று அவர் சொல்கிற விதத்திலேயே தெரிகிறது.

உன் கடிதத்தை சுமலதா இரண்டு முறை வாசித்துக் காட்டினாள். எனக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்க வேண்டும். கூடப் பிறந்தவன் வாயால் சொன்னேன், நீ நம்பவில்லை. டேபிள் சொன்னதும் நம்பிவிட்டாய். அந்த டேபிள் திறக்காமலே இருந்திருந்தால் சாகிற வரைக்கும் நான் உனக்குக் குடிகாரன்தானே? இதை எழுத மாட்டேன் என்று சுமலதா பேனாவை வைத்துவிட்டாள். எழுது என்று கட்டாயப்படுத்தினேன். அவள் மட்டும் என்ன? ஷிஃப்ட் முடிந்து வந்தால் தண்ணீர் கொடுக்கிற சாக்கில் பக்கத்தில் வந்து என் வாயை மோந்து பார்ப்பாள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இதையும் அவளையே எழுத வைக்கிறேன், அழுதுகொண்டு எழுதுகிறாள்.

சரி, விடு. இதைக் கேள். எனக்கு மட்டும் பார்த்துவிட்டு மூடிவைத்துவிடாதே. எங்கள் ஷெட்டில் எல்லோரும் ஏப்ரலில் டோக்கன் மாறியவர்கள்தான். என்னோடு வேலைக்குச் சேர்ந்த சுப்பிரமணி கால் பின்னி நடக்கிறான். நாங்கள் அவனையும் கிண்டல்தான் பண்ணினோம். நேற்று பார்க்க வந்தான். என் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எனக்கும் இன்னா கீதுன்னு உன் தங்கச்சியாண்ட கேட்டு சொல்லுடா" என்றான்.

எல்லோருக்கும் சேர்த்துச் சரிசெய்.

ஸ்டீபன்


கோயம்புத்தூர்
8 ஆகஸ்ட் 2024

அண்ணா,

நீ கேட்டது சரிதான். ஆமாம், டேபிள் சொல்லாமல் இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன். உன்னிடம் பொய் சொல்ல விருப்பமில்லை. என்னை மன்னித்துவிடு என்று கேட்கத்தான் முடியும். மன்னிக்காவிட்டாலும் மருந்தை விடாதே.

எல்லோருக்கும் சரிசெய்துவிட்டேன். நினைத்த மாதிரி லேசாக முடியவில்லை. பி.எஃப். நம்பரை வைத்துச் சேர்த்ததும் எதிர்மாறான தொல்லை வந்தது. ஒவ்வொரு டோக்கனோடும் ஒவ்வொரு ரிப்போர்ட்டும் ஒட்டிக்கொண்டு, ஒரே ஆள் வரி வரியாகப் பெருகிவிட்டார். எங்கள் மேனேஜர் பார்த்துவிட்டு, ஷெட்டில் இவ்வளவு பேர் நின்றால் மூச்சுவிட இடம் இருக்காதே என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரிப்போர்ட்டை அது எடுக்கப்பட்ட வருடத்து டோக்கனோடு மட்டும் பொருத்தினேன். ஒரு ஆளுக்கு ஒரு வரி, அதற்குள் அவருடைய எல்லா வருடமும் வரிசையாக வருகிற மாதிரி செய்தேன். பி.எஃப். நம்பர் பதியாதவர்கள் விட்டுப்போகாமல் அவர்களைத் தனியாகக் காட்டச் சொன்னேன்.

போன வாரம் புதுப் பக்கம் ஓடத் தொடங்கியது. திறந்ததும் திரை முழுக்கச் சிவப்பு. சுப்பிரமணி அண்ணன் பெயர் மேலேயே இருக்கிறது. அவரையும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல். இனி கம்பெனி பார்க்காமல் இருக்க முடியாது. கேன்டீன், கேட், தோட்டம் என்று எத்தனை வேலை இருக்கிறது, மாற்றிவிடுவார்கள். பல மாதத்துக்குப் பிறகு நேற்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

பிரின்சி


கும்மிடிப்பூண்டி
3 செப்டம்பர் 2024

பிரின்சிக்கு,

உன் நிம்மதிக்கு நான் குறுக்கே வரவில்லை. ஆனால் இங்கே நடந்ததைத் தெரிந்துகொள்.

சிவப்புப் பட்டியலை கம்பெனி காண்ட்ராக்டரிடம் கொடுத்தது. இவர்களை உலையில் நிறுத்தக் கூடாது என்று எழுதிக் கொடுத்தது. வேறு எங்கே நிறுத்துவது என்று எழுதவில்லை. காண்ட்ராக்டர் எல்லோரையும் கேட்டுக்கு வெளியே கூப்பிட்டு நிற்கவைத்தார். "உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு கம்ப்யூட்டர் சொல்லுது. ஊட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க. சரியானதும் சொல்லியனுப்புறேன்" என்றார். அவ்வளவுதான். மறுநாள் அந்த இடத்துக்கெல்லாம் புது ஆட்கள் வந்துவிட்டார்கள். நிஜமாகவே புது ஆட்கள்.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று ரயிலடியில் எங்கள் ஆட்கள் நின்றிருந்தார்கள். ஒருத்தரும் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. ஒருவன் மட்டும் வந்து, "நாங்க பாட்டுக்கு வேலை செஞ்சிகினு இருந்தோம். உன் தங்கச்சி இன்னாத்தைத் தோண்டுச்சி?" என்றான். நான்தான் தோண்டச் சொன்னேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். உன் பெயரைக் கெடவிட்டேன்.

சுமலதா இந்தப் பக்கம் ஒரு மருத்துவமனையில் ஆயா வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். அவள் போன பிறகு நான் வீட்டில் உட்கார்ந்து கை மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மருந்து ஏற்றியதில் கோபம் குறைந்திருக்கிறது என்று அவள் சொல்கிறாள். எனக்கு அப்படித் தெரியவில்லை. உன்னை நினைத்தால் நெஞ்சு எரிகிறது. நன்மை செய்யப் போய் இப்படி ஆகும் என்று உனக்குத் தெரியாதா? இத்தனை வருடம் படித்தாயே, அந்த வரியை மாற்றினால் யார் யார் வெளியே விழுவார்கள் என்று பார்க்க மாட்டாயா?

ஸ்டீபன்


கோயம்புத்தூர்
12 செப்டம்பர் 2024

அண்ணா,

பார்க்கவில்லை. டேபிளில் யார் விழுகிறார்கள் என்றுதான் பார்த்தேன். வெளியே யார் விழுவார்கள் என்று பார்க்கத் தெரியவில்லை.

மேனேஜரிடம் போய்ச் சண்டை போட்டேன். இருக்கிற தகவலைக் காட்டுவதோடு நம் வேலை முடிந்தது என்கிறார். உங்கள் கம்பெனிக்கு நேராக எழுதினேன், பதில் இல்லை. தொழிலாளர் துறைக்கும் புகார் அனுப்பியிருக்கிறேன். அது எப்போது நகரும் என்று தெரியாது. நீங்கள் எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் நகரும் என்கிறார்கள்.

பழைய ஜாயின் வரி இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைத் திரும்பப் போட்டால் சிவப்பு எல்லாம் மறைந்துவிடும். ஏப்ரலில் எல்லோரும் புது டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போகலாம். உன் கடிதம் வந்த அன்று கை அதுவரைக்கும் போனது. அந்த மனிதர்கள் என்னைத் திட்டுவது எனக்குக் கேட்டது. அப்புறம் உன் நான்கு வரியையும் திறந்து பார்த்தேன். மூடிவிட்டேன்.

மாற்ற மாட்டேன் அண்ணா. நீ ஆயுசுக்கும் பேசாவிட்டாலும் மாற்ற மாட்டேன். முடிந்தால் இங்கே வந்து கொஞ்ச நாள் இரு. இங்கே கைக்கு வைத்தியம் பார்க்கிற நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். ஜெனி மாமா எங்கே என்று கேட்கிறாள், போட்டோவைப் பார்த்து.

பிரின்சி


கும்மிடிப்பூண்டி
21 நவம்பர் 2024

அன்புள்ள பிரின்சி,

இத்தனை நாள் உனக்கு எழுதாததற்குக் கோபம் மட்டும் காரணமில்லை.

சுப்பிரமணி வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் எங்கே என்று தெரிந்தது. எஸ்டேட்டின் அந்தக் கோடியில் இன்னொரு ஈய ஷெட். வேறு கம்பெனி, வேறு காண்ட்ராக்டர். ரத்தம் எடுத்ததுண்டா என்று கேட்டிருக்கிறார்கள், இல்லை என்று சொல்லிவிட்டான். அங்கே அவன் புது ஆள்.

அந்தக் கம்பெனி டேபிளையும் இந்தக் கம்பெனி டேபிளையும் உன்னால் சேர்க்க முடியுமா என்று கேட்டு எழுதத்தான் சுமலதாவை உட்காரவைத்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். அவர்கள் யாரோ, இவர்கள் யாரோ. உன் கைக்கு எட்டாது.

மறுநாள் நானே அந்த ஷெட்டுக்கு நடந்தேன். கேட்டில் அதிகாரி வருகிற வரைக்கும் நின்றேன். என் கையைத் தூக்கிக் காட்டினேன். தொங்குகிற கையைப் பார்த்து அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். "சார், சுப்பிரமணின்னு ஒருத்தன் கீறான். அவனுக்கு என்னைவிட ஜாஸ்தி ஏறிக்கீது. தயவுசெஞ்சி அவனை உலையாண்ட நிறுத்தாதீங்க" என்றேன். அவர் உள்ளே போன் போட்டார். கொஞ்ச நேரத்தில் சுப்பிரமணி சாப்பாட்டுக் கூடையோடு வெளியே வந்தான். என்னைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "உனுக்கு சுமலதா சம்பாரிச்சி சோறு போடுது. எனக்கு யார்ரா கீறாங்க?" என்று கேட்டான். ஆஸ்பத்திரிக்கு வா, நானும் கூட வருகிறேன் என்றேன். புகாரில் எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போடலாம் என்றேன். காலை இழுத்து இழுத்து அவன் பாட்டுக்குப் போய்விட்டான். அந்த ரோடு முழுக்கப் பின்னாலேயே நடந்தேன். ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

நான் செய்தது சரிதானா என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் திரும்ப அதே கேட்டில் போய் நிற்கச் சொன்னால் நிற்பேன். நீ மாற்ற மாட்டேன் என்று எழுதியபோது எவ்வளவு திமிர் இவளுக்கு என்று நினைத்தேன். அன்றைக்கு ரோட்டில் நடக்கும்போதுதான் புரிந்தது, அதை எழுத உனக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று.

சுப்பிரமணி இப்போது என்னோடு பேசுவதில்லை. எதிரே வந்தால் ரோட்டைத் தாண்டிப் போய்விடுகிறான். ஷெட் ஆட்கள் முன்பே பேச்சை விட்டுவிட்டார்கள். எனக்குப் பேச ஆளே இல்லை பிரின்சி. கிறிஸ்துமஸுக்கு ஜெனியைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வா.

உன் அண்ணன்
ஸ்டீபன்